அடி விழுந்த பிறகு

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் என்று நம் குமரி மாவட்டத்தில் எந்த ஊரில் டிரம்ஸ் வகுப்பு நடந்தாலும் ஆகஸ்ட் பிறந்ததும் அங்கே ஒரு கேள்வி எழும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு பிள்ளையைக் கொண்டு சேர்த்த அப்பா, வகுப்பு முடியும் நேரம் பைக்கில் வந்து வாசலில் நின்றுகொண்டு கேட்பார்: "மாஸ்டர், ரெண்டு மாசம் ஆச்சுல்லா? பய இன்னும் ரப்பர்லதான் தட்டிட்டு இருக்கான். செட்டுல எப்ப உக்கார வைப்பீங்க? கிறிஸ்மஸுக்குச் சபையில வாசிக்கணும்."

நியாயமான கேள்விதான். மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறார். சபையில் டிரம் செட் துணி மூடிக் கிடக்கிறது. வாசித்துக்கொண்டிருந்த பையன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டான். பாடகர் குழுவுக்குத் தாளத்தையும் கீபோர்டே சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மாஸ்டர்கள் பெரும்பாலும் "பேசிக் சரியா வரணும் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதில் போதாது என்பது என் வெகுநாள் மனக்குறை. அந்த பேசிக் என்றால் என்ன, அதற்கு ஏன் ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், செல்போனில் வீடியோ பார்த்தால் அது ஏன் கைக்கு வருவதில்லை என்று எடுத்துச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் புரியும்.

பார்க்கிறவர்களுக்கு டிரம்ஸ் என்றால் அடிப்பது. தேர்ந்த மாஸ்டரின் கண் அடியில் நிற்காது. அடி விழுந்த பிறகு கம்பு எவ்வளவு உயரம் எழும்புகிறது, எங்கே நிற்கிறது, அடுத்த அடிக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பேடு என்கிற ரப்பர்ப் பலகையில் கழியும் அந்த மூன்று மாதமும் இதற்குத்தான். அடிக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், இரண்டு வயசுக் குழந்தைகூடக் கரண்டியும் சட்டியும் கிடைத்தால் அடிக்கும். அடித்த கம்பை விடுவதற்குத்தான் ஆள் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கம்பு துள்ளும் இடம்

முதல் நாள் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. 5ஏ என்கிற சாதாரண அளவுக் கம்பு ஏறக்குறைய 16 அங்குல நீளம், 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கும் நடுவே லேசாகப் பிடித்து, மற்ற மூன்று விரலையும் விலக்கிவிட்டு, நுனியை ஓர் அரை அடி உயரத்திலிருந்து பேடின்மேல் விழவிட வேண்டும். அது தானாகத் துள்ளித் துள்ளி அடங்கும். எத்தனை துள்ளல் என்று எண்ண வேண்டும். பிடியை ஓர் அங்குலம் முன்னே தள்ளி ஒரு தடவை, பின்னே தள்ளி ஒரு தடவை. கம்பின் பின்முனையிலேயே பிடித்தால் முன்பாரம் இழுத்து இரண்டு மூன்று துள்ளலில் செத்துவிடும். ரொம்ப முன்னே பிடித்தாலும் அப்படியே. பின்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓரிடம் வரும். அங்கே துள்ளல்களின் எண்ணிக்கை சட்டென்று கூடும். அதுதான் அந்தக் கம்புக்கும் அந்தக் கைக்குமான பிடி. பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் நல்லது. முதல் மாதத்தில் பிள்ளைகளின் பிடி தெரியாமலே பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகும், கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

விலக்கிய மூன்று விரலும் பிறகு கம்பைத் தொட்டுக்கொண்டு வரும். தொட வேண்டும், நெருக்கக் கூடாது. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தால் நெருக்குகிறான் என்று அர்த்தம். கொப்புளம் வரும் இடமும் பேசும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் உரிந்திருந்தால் அங்கே கம்பு அழுத்தத்தோடு உராய்கிறது. மாஸ்டர்கள் வகுப்பு தொடங்கும்போது பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்ப்பது இதற்குத்தான். ஒரு வாரம் வீட்டில் எப்படித் தட்டியிருக்கிறான் என்று கை சொல்லிவிடும். முன்கைத் தசையில் லேசான களைப்பு இருந்தால் பயமில்லை. மணிக்கட்டில் குத்தும் வலி என்றால் உடனே நிறுத்தி, பிடியைப் பார்க்க வேண்டும்.

பேடு பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் விளையும் மாவட்டமாயிற்றே என்று வீட்டில் அடித்துக் காயப்போட்ட ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிப் பலகையில் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். அது உதவாது. பதப்படுத்தாத ரப்பர் வெயில் ஏறினால் பிசுபிசுக்கும், வரிவரியாக இருப்பதால் துள்ளலும் சீராக இராது. செருப்புத் தைக்கிற கடைகளில் அடிப்பாகத்துக்கு விற்கும் மொத்தமான வழுவழுப்பு ரப்பரை, ஒரு சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக வாங்கி, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டினால் செலவில்லாமல் நல்ல பேடு கிடைக்கும். உட்கார்ந்தால் பேடு தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உயர்ந்தால் தோள் தூக்கும், தோள் தூக்கினால் கம்பு துள்ளாது. கட்டிலில் வைத்துத் தட்டினால் மெத்தை அடியை விழுங்கிவிடும்.

நாலு வகை அடி

அடி ஒன்றுதான், அது எங்கிருந்து கிளம்பி எங்கே போய் நிற்கிறது என்பதை வைத்து நாலாகப் பிரியும். 12 அங்குல உயரத்திலிருந்து விழுந்து, அதே உயரத்துக்குத் திரும்பிவந்தால் முழு அடி. உயரத்திலிருந்து விழுந்து, பேடுக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றுவிட்டால் இறக்கம். அந்த ஓர் அங்குலத்திலிருந்தே தட்டி அங்கேயே நின்றால் தட்டு. தாழ்வாகத் தட்டிவிட்டு உயரே எழும்பினால் ஏற்றம். முழு அடியில் கை ஒன்றுமே செய்வதில்லை, கம்பே திரும்பி வரும். இறக்கத்தில் பின்விரல்கள் மூன்றும் ஒரு கணம் கம்பை உள்ளங்கைக்கு அணைத்து நிறுத்தும். ஏற்றத்தில் மணிக்கட்டு முதலில் எழும், நுனி பின்னால் வரும்.

இது எதற்கு என்று பேரடிடில் வாசிக்கும்போது தெரியும். வ என்றால் வலது, இ என்றால் இடது; வ இ வ வ, இ வ இ இ என்று கைகள் மாறும் பாடம் அது. ஒவ்வொரு நாலிலும் முதல் அடி அழுத்தமாக விழ வேண்டும், மற்ற மூன்றும் மெல்ல. வீடியோவில் அவ்வளவுதான் சொல்வார்கள். பையன் முதல் அடியைப் பலமாகப் போடுவான், மற்ற மூன்றையும் மெதுவாகப் போட முயல்வான், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். காரணம் பலத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. முதல் வலது அடி இறக்கமாக இருந்தால்தான் அந்தக் கையின் அடுத்த இரண்டும் தாழ்வான தட்டாக விழும். இரண்டாவதாக வரும் இடது அடி ஏற்றமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஐந்தாவது எண்ணிக்கையில் அழுத்தம் இடதுகையில் விழப்போகிறது, அதற்குள் கம்பு மேலே போய்க் காத்திருக்க வேண்டும். ஆக ஒரு நாலடிக்குள் வரிசை இது: இறக்கம், ஏற்றம், தட்டு, தட்டு. மறுபாதியில் கை மாறி அதே வரிசை. இதை 60 வேகத்தில், அதாவது வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோமில் நொடிக்கு ஒரு கிளிக் வைத்து, ஒரு கிளிக்குக்கு ஒரே ஓர் அடியாகப் போட்டு, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டு கம்பும் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் புரிந்துவிடும். "நில்லு, அசையாத, இப்ப ரெண்டு கம்பயும் பாரு" என்று மாஸ்டர் சொல்லும் அந்த நொடியில்தான் பாடம் இருக்கிறது.

1933-ல் சிகாகோவில் கூடிய அமெரிக்க டிரம்மர்கள் சங்கம் அமைத்துத் தொகுத்த ரூடிமென்ட் பாடங்கள், அதாவது அடிப்படைக் கைவரிசைகள், 26. பின்னாளில் அந்தப் பட்டியல் 40 ஆனது. சபையில் வாசிக்கப் போகும் பிள்ளைக்கு முதல் ஆண்டில் மூன்று போதும்: ஒற்றை (கை மாற்றிக் கை மாற்றி ஒவ்வொரு தட்டு), இரட்டை (ஒரு கைக்கு இரண்டு தட்டு), பேரடிடில். அந்த மூன்றிலும் இந்த நாலு அடியும் வந்துவிடும்.

இரண்டாவது தட்டு

எல்லாப் பாடத்திலும் கடினமான திருப்பம் இரட்டைதான். வ வ இ இ, வ வ இ இ. சொல்லும்போது இதைவிட எளிய பாடம் இல்லை. கிளிக்குக்கு நாலு தட்டு என்று வைத்தால், 60 வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் நொடி இருக்கிறது. மணிக்கட்டை இரண்டு தடவை திருப்ப அது தாராளம். 120-க்குப் போனால் அது அரைக்கால் நொடி. மணிக்கட்டு மட்டும் அந்த வேகத்தில் வெகுநேரம் தாங்காது. அங்கே முதல் தட்டை மணிக்கட்டு போட, எழும்பி வரும் கம்பைப் பின்விரல்கள் பிடித்து மறுபடி கீழே தள்ள வேண்டும். இரண்டாவது தட்டு விரலின் வேலை. இந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். முதல் தட்டு கனமாக விழும், இரண்டாவது அதன் நிழல் மாதிரி மெலிந்து வரும். வேகமாக வாசித்தால் பொரிவதுபோல் கேட்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். நல்லா வருகிறது என்று அவனே நம்பிவிடுவான்.

இங்கேதான் அனுபவமுள்ள மாஸ்டர் வேண்டும். சில மாஸ்டர்கள் இந்தப் பாடத்தின்போது பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கவனிக்கவில்லை என்று பெற்றோர் நினைப்பதுண்டு. உண்மையில் அவர் கண்ணை விலக்கிக் காதை மட்டும் வைத்திருக்கிறார். கை அழகாக அசைவதைப் பார்த்தால் கண் காதை ஏமாற்றிவிடும். சுவரைப் பார்த்து நின்றபடியே, "இடது ரெண்டாவது தட்டு செத்துப்போச்சு மக்களே" என்பார். பையன் அசந்துபோவான். நாலு தட்டில் எது மெலிந்தது என்று பார்க்காமலே பிரித்துச் சொல்கிற காது எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு வந்தது.

செல்போன் வகுப்பில் இது நடக்காததற்குத் திறமைக்குறைவு காரணமில்லை. அழைப்பில் பேசுகிறவர் தூரப் போனாலும் குரல் ஒரே மட்டத்தில் கேட்கட்டும் என்று போன் தானாகவே பெரிய சத்தத்தைத் தாழ்த்திச் சின்னச் சத்தத்தை உயர்த்தும். பேச்சுக்கு அது நல்லது. இரட்டைக்கு அதுவே கேடு. கனத்த தட்டும் மெலிந்த தட்டும் மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றுபோல் போய்ச் சேரும். விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது எந்தக் காமிராவிலும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் பையனின் கம்பின் பின்முனையை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். சுலபமாக அசைந்தால் சரி, அசைய மறுத்தால் உள்ளே கை பூட்டிக் கிடக்கிறது.

திருத்துவதற்கு வழி உண்டு. வ வ இ இ என்பதை ஒரு தட்டு தள்ளித் தொடங்க வேண்டும்: வ இ இ வ, வ இ இ வ. கைவரிசை அதேதான், ஆனால் இப்போது ஒவ்வொரு நாலின் முதல் எண்ணிக்கையும், அதாவது கிளிக் விழும் இடம், வலதுகையின் இரண்டாவது தட்டின் மேல் வருகிறது. காது கிளிக்கைப் பிடிக்கப் போகும், கை தானாக அந்தத் தட்டைக் கனமாக்கும். இடதுக்கு இ வ வ இ என்று திருப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு கைக்கும் ஐந்து நிமிடம், நிறுத்தாமல். பிறகு பேடின்மேல் ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, மடித்துப் போட்டு அதையே வாசிக்க வேண்டும். துள்ளல் பாதியாகக் குறையும், விரல் வேலை செய்யாத கை அங்கே திணறும். ரப்பர் பேடு கொஞ்சம் ஏமாற்றும் வாத்தியம். செட்டில் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான 16 அங்குல ஃப்ளோர் டாமின் தளர்ந்த தோல் அவ்வளவு துள்ளல் தராது. பேடில் 100-ல் வாசிக்கிறவன் ஃப்ளோர் டாமில் 70-ல் தடுமாறுவது இதனால்தான்.

வேகத்தைக் கூட்டுவதில் மாஸ்டரின் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஒரு வேகத்தில் ஐந்து நிமிடம் தோள் ஏறாமல், மூச்சு பிடிக்காமல், இரண்டு தட்டும் சமமாக வந்தால் நாலு எண் கூட்டலாம். வராவிட்டால் எட்டு எண் இறங்க வேண்டும். பையனுக்கு அழுகை வரும். ஆனால் மெலிந்த இரட்டையை வேகத்தோடு பழகிவிட்ட கையைப் பிறகு திருத்த, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

பிறகு ஒருநாள் அது வரும். எப்படி வந்தது என்று பையனுக்கே தெரியாது. அதுவரை 'டக்-க' என்று கேட்டுக்கொண்டிருந்தது 'டக டக' என்று நிமிர்ந்து நிற்கும். பேடு வேறு மாதிரி ஒலிக்கும், யாரோ வேறொருவர் வாசிப்பதுபோல. கைக்குள் கம்பு லேசாகிவிடும். அந்தக் கணத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பார்ப்பார்கள். "நிறுத்தாத, விடாத, போய்ட்டே இரு" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

கல்லில் தொடங்கியவர்கள்

இதெல்லாம் வெளிநாட்டுப் பாடம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். அதனால் கேரளத்துக் கொட்டான செண்டை இந்த மண்ணில் இன்றும் ஒலிக்கிறது, சிங்காரி மேளம் இல்லாத திருவிழா நம் ஊரில் குறைவு. செண்டை ஆசான் பிள்ளைக்கு முதலில் செண்டையைத் தருவதில்லை. ஒரு கருங்கல்லும் புளியங்கம்பும்தான் தருவார். முதல் பாடமான கணபதிக்கையில் தொடங்கி, முதற்காலம், இரண்டாம் காலம் என்று வேகம் ஏற்றி, அந்தக் கல்லிலேயே சாதகம் நடக்கும். கல்லில் அடித்துவிட்டுக் கம்பை அழுத்தினால் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு ஏறும். விட்டுக்கொடுத்தால்தான் கை பிழைக்கும். ஆக, ரப்பரில் மூன்று மாதம் என்பது நம் ஆசான்மார் கல்லில் வாங்கிய வேலையைவிடக் குறைவானதுதான்.

கால், தட்டம், திருகு

செட்டில் உட்காரும் நாளில் இதே பாடம் காலுக்கு இறங்கும். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் கிக் பெடலை மிதித்துவிட்டுப் பாதத்தை அப்படியே அழுத்தி வைத்தால் அதன் சுத்தியான பீட்டர் தோலில் புதைந்து நிற்கும். ஒலி குறுகும், சரியாக அழுத்தாவிட்டால் பீட்டர் படபடத்து இரண்டு மூன்று ஒலி கூடுதலாக விழும். அடித்ததும் பாதத்தைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளும், அடுத்தடுத்து இரண்டு கிக் வேண்டியபோது முதலாவது வெளியே வந்தால்தான் இரண்டாவது உள்ளே போக முடியும். ஆசன உயரத்தில் முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்க வேண்டும். காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டமான ஹை-ஹாட்டின் இரண்டு தட்டங்களுக்கும் நடுவே திறந்திருக்கும்போது ஓர் அங்குலத்துக்குள் இடைவெளி போதும், கீழ்த்தட்டத்தை அதன் திருகால் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் காற்று அடைபடாமல் 'சிக்' என்ற ஒலி சுத்தமாக வரும்.

சபைகளில் டிரம் செட்டுக்கு நடக்கும் பெரிய கொடுமை சிம்பல் என்னும் உலோகத் தட்டத்தில்தான். ஸ்டாண்டின் உச்சியில் இருக்கும் விங் நட் என்ற சிறகுத் திருகை, கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிவிடுகிறார்கள். அடி வாங்கிய சிம்பல் ஆட வேண்டும். ஆட இடமில்லாவிட்டால் அடியின் வேகம் உலோகத்துக்குள்ளேயே அடைபட்டு, விளிம்பில் நூல்போல விரிசல் விடும். நடுத்துளையில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வைத்தால் இரும்புக் கம்பி துளையை அரித்துச் சாவித்துவாரம்போல் ஆக்கிவிடும். அந்த உறை சில ரூபாய்ப் பொருள், சிம்பல் ஆயிரக்கணக்கில். கடற்கரை ஊர்களில், முட்டத்திலும் குளச்சலிலும், உப்புக்காற்று பெடல் ஸ்பிரிங்கையும் ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் பூட்டிய கம்பிகளையும் தின்றுவிடும். ஆராதனை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணிகளுக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். அடைத்த அறையில் செட் வாசித்தால் ஒலி 100 டெசிபல் தாண்டும், அந்த அளவில் காது பாதுகாப்பாகத் தாங்குவது 15 நிமிடம்தான். வகுப்புக்குக் காதடைப்பான் இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கிறிஸ்மஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் சேர்ந்த பிள்ளை தினம் 20 நிமிடம் வீட்டில் தட்டினால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம் தட்டுவதைவிட அது பல மடங்கு நல்லது. ஜூனில் பிடியும் ஒற்றையும், ஜூலையில் நாலு அடியும் இரட்டையும், ஆகஸ்டில் பேரடிடிலும் தரையில் பாதம் தட்டுவதும். செப்டம்பரில் செட். அக்டோபருக்குள் நாலு எண்ணிக்கைத் தாளம் நிலைக்கும். நவம்பரில் ஆறு எண்ணிக்கை: ஹை-ஹாட்டில் ஆறும், கிக் ஒன்றில், ஸ்னேர் நாலில். நம் கீர்த்தனைகளில் பலவும் இந்த ஆறில்தான் ஓடுகின்றன. கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் பையன் தயார். ஜூனிலேயே செட்டில் உட்கார வைத்தவனும் டிசம்பரில் வாசிப்பான், ஆனால் பாட்டின் நடுவே சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அவனால் முடியாது. அவன் கம்புக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படி ஒரு செப்டம்பர் சனிக்கிழமை பையன் முதல்முறையாக ஆசனத்தில் உட்காருவான். மாஸ்டர் அவன் கையைப் பார்க்கமாட்டார். குனிந்து ஆசனத்தை ஒரு விரற்கடை இறக்குவார், பெடல் ஸ்பிரிங்கை விரலால் சுண்டிப் பார்ப்பார். கடைசியாக எட்டி, கிராஷ் சிம்பலின் விங் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, விளிம்பை விரல் நுனியால் தள்ளி, அது அசைந்து அசைந்து அடங்கும்வரை நிற்பார். பிறகு, "இப்ப அடி மக்களே."